நாற்பது கையெழுத்துகள்... ஒரு குளக்கரை!



தை மாதப் பிறப்பன்று நம் வீடுகளில் பொங்கல் பானை பொங்கி வழிகிற அதே வேளையில், வடக்கே பஞ்சாபில் ஒரு குளக்கரையில் பெருங்கூட்டம் கூடுகிறது. ஜனவரி மாதத்துக் குளிர். எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டம். அந்தக் குளிரிலும் குழந்தையும் கிழவியுமாகக் குளத்தில் இறங்கி முழுக்குப் போடுகிறார்கள். நமக்கு மகர சங்கராந்தி, அவர்களுக்கு 'மாகி'. மாக மாதத்தின் முதல் நாள்.

அந்த ஊரின் பெயர் முக்த்ஸர். 'ஸர்' என்றால் நீர்நிலை. மானசரோவரில் வருகிற 'சரஸ்', அமிர்தசரஸில் வருகிற 'சரஸ்' எல்லாம் இதுதான். முக்தி தந்த குளம் என்பதால் முக்த்ஸர். 2012-ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே 'ஸ்ரீ முக்த்ஸர் சாஹிப்' என்று மரியாதையாக அழைக்கிறது.

சரி, அங்கே முக்தி பெற்றவர்கள் யார்? மலைக்குகையில் தவம் செய்த ரிஷிகளா? பொழுதெல்லாம் நாமஜபம் செய்த பக்தர்களா?

இல்லை. கஷ்டகாலத்தில் தங்கள் குருவை விட்டுவிட்டு, 'இனி எங்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்த நாற்பது பேர்! அவர்களுக்குத்தான் அங்கே முக்தி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதில் ஒரு பெண்ணின் பங்கு இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் உங்களைப் பஞ்சாபுக்கு அழைத்துப் போகிறேன்.

ஆனந்தபூரில் பசி

சீக்கியர்களின் பத்தாவது குரு, குரு கோவிந்த் சிங். அவருடைய தந்தை குரு தேக் பகதூர் 1675-ல் டெல்லியில் ஔரங்கசீப்பின் ஆணைப்படி சிரச்சேதம் செய்யப்பட்டபோது, பிள்ளைக்கு வயது ஒன்பது. அந்தப் பிள்ளை வளர்ந்து 1699-ல் ஆனந்தபூரில் 'கால்சா' என்ற அமைப்பை உருவாக்கினார். ஜாதி பேதம் இல்லை, எல்லோரும் ஒரே பாத்திரத்து அமிர்தத்தைப் பருகியவர்கள் என்று ஒரு புதிய சமுதாயம் எழுந்தது.

டெல்லி ராஜாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. சுற்றியிருந்த மலைநாட்டு ராஜாக்களுக்கும் பிடிக்கவில்லை. அந்த ராஜாக்களில் பலர் இந்துக்கள் என்பதை இங்கே கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தச் சரித்திரத்தை 'இந்த மதம் எதிர் அந்த மதம்' என்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. 1688-ல் பங்கானி என்ற இடத்தில் நடந்த போரில் குருவுக்காகத் தன் பிள்ளைகளையே பலி கொடுத்தவர் பீர் புத்து ஷா என்ற முஸ்லிம் மகான். பின்னாளில் குருவைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிச் சென்று, 'இவர் எங்கள் பெரியவர்' என்று சொல்லி எதிரிப் படையைக் கடக்க உதவியவர்கள் நபி கான், கனி கான் என்ற இரண்டு பட்டாணிச் சகோதரர்கள். நல்லவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். அநியாயம் அதிகாரத்தின் பக்கம் இருந்தது.

1704-05 காலத்தில் மொகலாயப் படையும் மலைநாட்டுப் படைகளும் சேர்ந்து ஆனந்தபூரை வளைத்துக்கொண்டன. முற்றுகை என்றால் என்னவென்று நமக்கு அவ்வளவாகப் புரியாது. வாளும் ஈட்டியும் பேசுகிற போர் அல்ல அது. உள்ளே அரிசி, பருப்பு, தண்ணீர் எதுவும் வராமல் அடைத்துவிட்டு, வெளியே சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நாள்கள் வாரங்களாகி, வாரங்கள் மாதங்களாகின. தானியம் தீர்ந்தது. குதிரைகள் செத்து விழுந்தன. இலைகளையும் மரப்பட்டையையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்கிறது சீக்கிய மரபு.

ஒரு நாள் கேஸ் சிலிண்டர் வராவிட்டால் நாம் என்ன பாடு படுகிறோம்! வீட்டில் அடுப்பு எரியாத நாள்களை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்களின் நிலைமை விளங்கும். வீரன் என்றால் எதிரியின் வாளுக்கு நடுங்க மாட்டான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலிப் பானை அவனையும் அசைத்துவிடும்.

அப்போது மாஜா என்ற பகுதியிலிருந்து வந்த சீக்கியர்கள் சிலர் குருவிடம் வந்து நின்றார்கள். போகிறோம் என்றார்கள். குரு தடுக்கவில்லை. திட்டவும் இல்லை. போகிறவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றாராம். என்ன எழுத வேண்டும்? 'நீங்கள் எங்கள் குரு அல்ல. நாங்கள் உங்கள் சீடர்கள் அல்ல.'

அந்தத் தாளுக்கு 'பேதாவா' என்று பெயர். நம் ஊர்க் கோர்ட்டு பாஷையில் 'தாவா' என்கிறோமே, அதே சொல்தான்! 'பே' என்றால் இல்லை. தாவா இல்லை. உன் மேல் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, என் மேல் உனக்கும் இல்லை. நாற்பது பேர் கையெழுத்திட்டார்கள். குரு அதை வாங்கி இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டார். அவர்கள் இருட்டில் வெளியேறினார்கள்.

அந்தத் தாளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறக்காத வீடுகள்

அம்ரித்ஸருக்குப் பக்கத்தில் ஜபால் என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பெண் பாகோ. பட்டி என்ற ஊரைச் சேர்ந்த நிதான் சிங்குக்கு வாழ்க்கைப்பட்டவர். 'மாயி' என்றால் அம்மா. எனவே சீக்கியர்கள் அவரை 'மாயி பாகோ' என்றே சொல்வார்கள்.

தங்கள் பக்கத்து ஆண்கள் குருவைக் கைவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்தத் தாய்க்கு நெஞ்சு கொதித்தது. ஆண் உடை தரித்து, ஆயுதம் எடுத்து, குதிரை ஏறினார். ஊர் ஊராகப் போனார். கேட்க வேண்டிய கேள்வியை முகத்துக்கு நேரே கேட்டார். திரும்பி வந்தவர்களை வீட்டுப் பெண்களே வரவேற்க மறுத்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். வளையலைப் போட்டுக்கொண்டு நீங்கள் வீட்டில் இருங்கள், நாங்கள் போய்ச் சண்டை போடுகிறோம் என்றார்களாம்.

வளையல் போட்டுக்கொள் என்று ஆண்களை ஏசுவது எல்லா ஊரிலும் இருக்கிறது. எனக்கு அந்த வசவு பிடிப்பதில்லை. வளையல் போட்ட கைதானே அன்றைக்கு வாளை எடுத்தது? அது எப்படிக் கோழைத்தனத்தின் அடையாளமாகும்? அது கிடக்கட்டும்.

மகாபாரதத்தில் உத்தியோக பர்வத்தில் விதுலை என்ற ராணியின் கதை வருகிறது. அவளுடைய மகன் சஞ்சயன் சிந்து நாட்டு அரசனிடம் தோற்றுப்போய், வந்து படுத்துக்கொண்டான். 'ஐயோ குழந்தை, போகட்டும், சாப்பிடு' என்று விதுலை தலையைத் தடவிக் கொடுக்கவில்லை. எழுந்திரு என்று சொன்னாள். அவள் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றும் சாட்டை. பாண்டவர்களின் தாய் குந்தி, தன் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லி கிருஷ்ணனிடம் எடுத்துரைத்த கதை இது. மாயி பாகோவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு விதுலைதான் ஞாபகத்துக்கு வருகிறாள். பிள்ளை மேல் பிரியம் இல்லாதவளுக்கு இப்படிக் கோபம் வராது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாகோ வசைபாடிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. 'வாருங்கள், நானும் வருகிறேன்' என்று அவர்களோடு கிளம்பினார். குத்திக்காட்டுவது சுலபம். கூடவே வழி நடப்பது எத்தனை பேரால் முடியும்? நாற்பது பேரும் தலைகுனிந்தார்கள். பிறகு தலை நிமிர்ந்தார்கள். மகான் சிங் என்பவரைத் தலைவராகக் கொண்டு, மாயி பாகோவும் உடன்வர, குருவைத் தேடிப் புறப்பட்டார்கள்.

ஆனால் குரு அப்போது ஆனந்தபூரில் இல்லை. அவர் இழந்தவற்றை எழுதவே கை நடுங்குகிறது.

கோட்டையை விட்டு வெளியேறினால் பத்திரமாகப் போக விடுகிறோம் என்று எதிரிகள் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள். மார்கழிக் குளிரில், நள்ளிரவில் குரு வெளியே வந்தார். சத்தியம் காற்றில் பறந்தது. பின்னால் துரத்தி வந்து தாக்கினார்கள். எதிரே சர்சா ஆறு வெள்ளம் பெருக்கெடுத்து ஓடுகிறது. குருவின் அவையில் புலவர்கள் எழுதிச் சேர்த்த சுவடிகள் எல்லாம் அந்த ஆற்றோடு போயின. குடும்பம் திசைக்கொன்றாகப் பிரிந்தது.

சம்கௌர் என்ற இடத்தில் ஒரு மண்கோட்டை. அங்கே நடந்த போரில் பதினேழு பதினெட்டு வயது மூத்த மகன் அஜீத் சிங்கும், அடுத்தவன் ஜுஜார் சிங்கும் தந்தையின் கண்ணெதிரே போர்க்களம் புகுந்து மாண்டார்கள். சின்னப் பிள்ளைகள் இருவர் - ஜோராவர் சிங்குக்கு எட்டொன்பது வயது, ஃபதே சிங்குக்கு ஐந்தாறு வயது - பாட்டி குஜ்ரி தேவியோடு அகப்பட்டுக்கொண்டார்கள். வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்த ஆளே காட்டிக்கொடுத்தான் என்பது மரபு. சிர்ஹிந்த் நகரத்து நவாப் வஜீர் கான், மதம் மாறச் சொல்லி அந்தக் குழந்தைகளை மிரட்டினான். அவர்கள் இசையவில்லை. உயிரோடு சுவரில் வைத்துக் கட்டச் சொன்னான். மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான் அந்தச் சபையிலேயே எழுந்து இது அநியாயம், குழந்தைகள் என்ன செய்யும் என்று வாதாடினார். கேட்பார் இல்லை. நான்கு பக்கமும் குளிர்காற்று வீசும் ஒரு கோபுரத்தில் அடைக்கப்பட்டிருந்த பாட்டியும் உயிர் துறந்தார்.

நான்கு பிள்ளைகளும் பெற்ற தாயும் சில நாள்களுக்குள் போய்விட்டார்கள். ஊர், கோட்டை, சுவடிகள் எதுவும் மிச்சமில்லை. ஆனால் பாருங்கள், அந்த நாற்பது பேர் எழுதிக் கொடுத்த தாள் மட்டும் அவரிடம் பத்திரமாக இருந்தது!

கித்ரானா குளம்

1705. குரு, பஞ்சாபின் மால்வா பகுதிக்கு வந்து சேர்ந்தார். வஜீர் கானின் படை விடாமல் பின்தொடர்ந்து வந்தது. கோட் கபூராவின் தலைவர் கபூரா, டெல்லிக்குப் பயந்து தன் கோட்டையைத் தரத் தயங்கினார். கித்ரானா பக்கம் போங்கள் என்று வழி மட்டும் சொன்னாராம்.

கித்ரானா என்பது வறண்ட பொட்டல் நடுவே இருந்த ஒரு பெரிய குட்டை. முட்புதர்களும் மணலும்தான் சுற்றிலும். அந்த வட்டாரத்தில் வேறு தண்ணீர் இல்லை. எனவே அந்தக் குளம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கம்தான் வெற்றி. பெரிய சேனைக்குத்தான் தாகமும் பெரிது.

இந்த இடத்தில்தான் மாயி பாகோவும் அந்த நாற்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். குரு சற்றுத் தள்ளி ஒரு மேட்டில் இருந்தார். போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க நேரம் இல்லை. மொகலாயப் படை நெருங்கிவிட்டது. அவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். குருவிடம் போவதற்கு முன் எதிரியைக் குளக்கரையில் நிறுத்துவது என்று.

நாற்பது பேர் எங்கே, ஆயிரக்கணக்கான படைவீரர்கள் எங்கே? அவர்கள் செய்த யுக்தி நம் பெண்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தங்களிடமிருந்த போர்வைகளையும் துப்பட்டிகளையும் எடுத்து முட்புதர்கள் மேல் விரித்துப் போட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகக் கூடாரங்கள்! ஏதோ பெரும்படை இறங்கியிருக்கிறது என்று எதிரி எண்ணிக்கொண்டான். இன்றைக்கு அந்த இடத்தில் இருக்கும் குருத்வாராவின் பெயரே 'தம்பு சாஹிப்'. தம்பு என்றால் கூடாரம்.

பிறகு நடந்தது கடுமையான போர். அம்பும் துப்பாக்கியும் தீர்ந்ததும் வாளும் ஈட்டியும் எடுத்தார்கள். மேட்டின் மேலிருந்து குருவும் அம்பு மழை பொழிந்தார். குளக்கரையில் விழுந்தவர் விழ, மற்றவர் இடத்தை விட்டு அசையவில்லை. பசிக்குப் பயந்து ஓடியவர்கள் இன்று சாவுக்குப் பயப்படவில்லை. மாயி பாகோவும் ஈட்டி ஏந்தி நின்றார். உடம்பெல்லாம் காயம்.

பொழுது சாய்ந்தது. மொகலாயப் படையினருக்கு நா வறண்டது. குளத்தை நெருங்க முடியவில்லை. தண்ணீர் இல்லாமல் அங்கே இரவு தங்கவும் முடியாது. வஜீர் கானின் சேனை திரும்பிப் போய்விட்டது!

குரு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். களத்தில் ஒவ்வொருவராகத் தேடிப் போனார். மண்ணும் ரத்தமுமாகக் கிடந்த முகங்களைத் தன் கையாலேயே துடைத்தார். இவன் என்னுடைய ஐயாயிரத்தான், இவன் என்னுடைய பத்தாயிரத்தான் என்று சொல்லிக்கொண்டே போனாராம். மொகலாய தர்பாரில் ஐயாயிரம் குதிரைவீரர்களுக்கு அதிபதி என்று பட்டம் கொடுப்பது வழக்கம். அவர்களுடைய பட்டத்தையே எடுத்து, ஓடிப்போய்த் திரும்பி வந்த தன் பிள்ளைகளுக்குச் சூட்டினார் குரு.

மகான் சிங்குக்கு மட்டும் இன்னும் மூச்சு இருந்தது. அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்ன வேண்டும் கேள் என்றார் குரு. செத்துக்கொண்டிருக்கிறவன் என்ன கேட்பான்? ஒரு வாய்த் தண்ணீர் கேட்கலாம். பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். சுவர்க்கம் கேட்கலாம். மகான் சிங் கேட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

குரு கச்சையிலிருந்து அதை எடுத்தார். கிழித்தார். மகான் சிங்கின் கண்கள் மூடின.

அந்த நாற்பது பேரையும் 'முக்தர்கள்' என்று குரு அழைத்தார். கித்ரானா முக்த்ஸர் ஆயிற்று.

சகோதரிகளே! பல வருஷங்களாக இந்தச் சரித்திரத்தை நினைத்துப் பார்க்கிறேன். என் மனத்தில் உறுத்துகிற கேள்வி ஒன்றுதான். குரு ஏன் அந்தத் தாளை வைத்திருந்தார்?

அவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? கோர்ட்டில் காட்டவா? 'பார், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டாயே' என்று பின்னால் குத்திக்காட்டவா? நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் பெற்ற பிள்ளைகளையே காப்பாற்ற முடியாதவர், இந்தத் தாளை ஏன் காப்பாற்றினார்? மரபு இதற்குக் காரணம் சொல்லவில்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நாள் கிழிக்க வேண்டும் என்று நினைக்கிறவர் கையில்தான் அது பத்திரமாக இருக்கும். அந்த நாற்பது பேர் தாவா இல்லை என்று எழுதினார்கள். குரு அதில் எதிர்க் கையெழுத்துப் போடவில்லை! ஒரு பக்கம் அறுத்தால் அறுந்துவிடுகிற உறவு அல்ல அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விபீஷண சரணாகதியை நாமெல்லோரும் அறிவோம். கடற்கரையில் வந்து நின்றவனை சுக்ரீவன் சந்தேகப்பட்டான், ராமபிரான் ஏற்றுக்கொண்டார். ஆனால் விபீஷணன் அதர்மத்தை விட்டு தர்மத்துக்கு வந்தவன். புதிதாக வந்தவனை ஏற்றுக்கொள்வதற்குப் பெரிய மனசு வேண்டும். நம்மவனாக இருந்து, நம் கஷ்டத்தில் நம்மை உதறிப் போனவன் திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்வதற்கு அதைவிடப் பெரிய மனசு வேண்டும். வீடுகளில் நாம் பார்க்கிறோமே! மருமகளின் பிறந்த வீட்டாரைக்கூட மன்னித்துவிடுவோம். பத்து வருஷத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத தங்கையை மன்னிக்க மாட்டோம். 'இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்ற வார்த்தை ஒரு நாள் கோபத்தில் வந்துவிடும். பாகப்பத்திரத்தில் கையெழுத்து ஆகிவிட்டது என்பதற்காக அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாத தங்கைகள் எத்தனை பேர்! அந்தப் பத்திரம் யாரிடமோ பீரோவில் இருக்கிறது. ஆனால் மனசுக்குள் அதைத் தினம் ஒரு முறை எடுத்துப் படித்துக்கொண்டே இருக்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதையைக் காட்டியே உங்களை மடக்கிவிடுவார்கள். 'குருவே மன்னித்தார், நீ ஏன் பொறுத்துப் போகக் கூடாது?' என்று பெண்களிடம்தான் கேட்பார்கள். அடித்தவனையும் பொறுத்துக்கொள், ஏமாற்றியவனையும் பொறுத்துக்கொள் என்பார்கள். கவனியுங்கள், குரு கோவிந்த் சிங் வஜீர் கானுடைய எந்தத் தாளையும் கிழிக்கவில்லை. சத்தியம் செய்துவிட்டு அதை மீறிய ஔரங்கசீப்புக்கு அவர் எழுதியது 'ஜஃபர்நாமா' - வெற்றிக் கடிதம். பாரசீக மொழியில் கவிதையாக எழுதிய அந்தக் கடிதத்தில், பொய்ச் சத்தியம் செய்த பாதுஷாவை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டார். பசியால் தளர்ந்து போனவன் வேறு. குழந்தையைச் சுவரில் வைத்துக் கட்டினவன் வேறு. பலவீனத்தையும் கொடுமையையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லி எந்த மகானும் சொன்னதில்லை.

அந்த நாற்பது பேரும் சும்மா வந்து 'மன்னித்துவிடுங்கள்' என்று நிற்கவில்லை என்பதும் இருக்கிறது. வாயால் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே குளக்கரையில் நின்று காட்டிவிட்டார்கள்.

அப்படியானால் கொடுமை செய்தவன் மேல் துளியும் இரக்கம் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் அவர்களிடம் பதில் இருக்கிறது. ஆனந்தபூர் யுத்தங்களின்போது பாயி கன்ஹையா என்ற அன்பர், தோல்பையில் தண்ணீர் சுமந்துகொண்டு களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து வந்தார். எதிரிப் படையின் வீரர்களுக்கும் கொடுத்தார். நாம் வெட்டிச் சாய்த்தவனை இவர் எழுப்பி விடுகிறாரே என்று சீக்கியர்கள் குருவிடம் புகார் செய்தார்கள். கன்ஹையாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, எனக்கு எல்லா முகத்திலும் உங்கள் முகமே தெரிகிறது என்றாராம். குரு கோபிக்கவில்லை. இனித் தண்ணீரோடு இந்த மருந்தையும் போட்டு விடு என்று காயத்துக்கான களிம்பையும் கொடுத்தார். அவர் வழிவந்த சேவாபந்திகள் என்ற பிரிவினர் பின்னாளில் உருவானார்கள். தாகத்துக்குத் தண்ணீர் எதிரிக்கும் உண்டு. கோட்டைச் சாவி கிடையாது.

முக்த்ஸர் போகும் பாக்கியம் கிடைத்தால், பட்டிண்டாவில் இறங்கி சாலை வழியாகப் போகலாம். சுமார் ஐம்பது கிலோமீட்டர். குளத்தைச் சுற்றியும் அருகிலும் பல குருத்வாராக்கள். போர்வைகளை விரித்த இடத்தில், முன்பே சொன்ன தம்பு சாஹிப். குரு அம்பு எய்த மேட்டில் டிப்பி சாஹிப். நாற்பது பேருக்கும் சிதை மூட்டிய இடத்தில் ஒன்று. தாளைக் கிழித்த இடத்தில் இருப்பதற்குப் பெயர் 'டுட்டி கண்டி சாஹிப்'. அறுந்துபோனதை மறுபடி முடிச்சுப் போட்ட இடம் என்று பொருள். தலையில் முந்தானையையோ துப்பட்டாவையோ போட்டுக்கொண்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். விக்கிரகம் இருக்காது. குரு கிரந்த சாஹிப் என்ற திருமறையே அங்கே குருவாக வீற்றிருக்கிறது. குருமார்களை அவதாரங்களாகச் சீக்கியர்கள் கொள்வதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போவது மரியாதை. நெய் மணக்கும் கோதுமை அல்வா பிரசாதம் தருவார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொள்ளுங்கள். 'லங்கர்' என்ற அன்னதானத்தில் எல்லோருடனும் தரையில் அமர்ந்து சாப்பிடாமல் வரக் கூடாது. அங்கே சப்பாத்தி இடக் கை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நம் பெண்களுக்கு அது ஒரு தனி சந்தோஷம்!

சீக்கியர்கள் தினமும் சொல்லும் 'அர்தாஸ்' என்ற பிரார்த்தனையில் குருமார்களின் வரிசைக்குப் பிறகு குருவின் நான்கு பிள்ளைகளையும் நினைக்கிறார்கள். உடனேயே அந்த நாற்பது முக்தர்களையும் நினைக்கிறார்கள். கடைசி வரை விட்டுப் பிரியாமல் உயிர் விட்ட பிள்ளைகளும், விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களும் ஒரே மூச்சில்.

மாயி பாகோ என்ன ஆனார்? காயங்களோடு களத்தில் கிடந்தவரைக் குரு கண்டெடுத்து மருத்துவம் செய்வித்தார். பிழைத்து எழுந்த அந்தத் தாய் வீட்டுக்குத் திரும்பவில்லை. குருவின் மெய்க்காவலர்களில் ஒருவராக, ஆண் உடையில், ஆயுதம் தரித்துக் கூடவே இருந்தார். குரு தெற்கே வந்தபோது கோதாவரிக் கரையில் உள்ள நாந்தேட் வரை அவரும் வந்தார். 1708-ல் அங்கே குரு பரமபதம் அடைந்தார். நாந்தேடில் மாயி பாகோ தங்கியிருந்த இடம் இன்றும் அவர் பெயரால் போற்றப்படுகிறது.

அதன் பிறகு அவர் இன்னும் தெற்கே வந்துவிட்டார். கர்நாடகத்தில் பீதருக்குப் பக்கத்தில் ஜன்வாடா என்ற கிராமம். பீதருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குருநானக் ஜிரா சாஹிப்பில் அந்தத் தித்திக்கும் ஊற்றுநீரைப் பருகிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சற்று நேரம் ஒதுக்கி ஜன்வாடாவுக்கும் போய் வாருங்கள். அங்கே மாயி பாகோவின் தபோஸ்தலம் குருத்வாராவாக இருக்கிறது. கித்ரானா குளக்கரையில் ஈட்டி பிடித்து நின்ற அந்தத் தாய், கடைசி நாள்களை தியானத்தில் கழித்து உடல் நீத்தது அந்த ஊரில்தான்.